பின் அறையின் சூடு

இயேசு மரி சூசை துணை

பலெர்மோ
6 நவம்பர் 2022

அன்பு மகன் றொஜருக்கு அப்பா அந்தோனிமுத்து எழுதுவிப்பது.

கொவென்றியில் நீயும் மனைவி பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று செபமாலையில் கேட்கிறேன். என் சுகத்தைக் கேட்டால், கால் இரண்டும் பலகை மாதிரி விறைத்துக் கிடக்கின்றன. மற்றபடி உயிர் இருக்கிறது.

எனக்கு எழுத்துத் தெரியாது. கீழ்வீட்டுப் புனிதமலர் எழுதுகிறாள். நான் சொல்வதை மாற்றாமல் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். போனில் என் காதுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. நான் கத்திக் கதைத்தால் நீ வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட ஏலாது.

விசயம் இதுதான். உன் தங்கை நிரோசினி வீட்டுக்கு வந்திருக்கிறாள். எட்டாம் மாதம். அவள் புருசன் ராஜென் இருக்கிற இடம் ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு, அந்தப் பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரே அறைக்குள் அவனோடு சேர்த்து நாலு மொரீசியஸ் பொடியன்கள். பிள்ளைத்தாச்சி அங்கே எங்கே படுப்பாள்? நான்தான் போய்க் கூட்டி வந்தேன். பின் அறையைக் கொடுத்திருக்கிறேன். வீடு உன்னுடையது, உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

பின் அறை முன்பு குசினியாக இருந்தது. வடக்குப் பக்கம். சுவர் முழுக்கப் பூஞ்சணம். இந்த ஊர் வீடுகளை வெயிலை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள், பளிங்குத் தரையும் எட்டாத முகடும். மாரியில் வியா மக்வேதாவில் நடந்தால் வியர்க்கிறது, வீட்டுக்குள் வந்தால் பல் கிட்டுகிறது. நீ போன வருடம் இரண்டு அறைக்கும் பூட்டிய ஏசி மெசின் சூடும் தரும் என்றாய். தருகிறது. ஆனால் பத்தொன்பதில் நின்றுவிடுகிறது. றிமோட்டை அமத்தினால் ஒரு பூட்டுப் படம் வருகிறது. அதை நீ அங்கே உன் போனுக்குள் இருந்து பூட்டியிருக்கிறாய் என்று நிரோசினி சொல்கிறாள்.

பூட்டைத் திறந்துவிடு. அவளுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அப்பா

—

கொவென்றி
21 நவம்பர் 2022

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் காலுக்கு இரண்டு சோடி கம்பளிக் காலுறை வேறாக அனுப்பியிருக்கிறேன். இரவில் கழற்ற வேண்டாம்.

இந்த வருடம் கரண்டும் காஸும் எப்படி விலை ஏறிக் கிடக்கின்றன என்று ரீவியில் பார்த்திருப்பீர்கள். இரண்டு வீட்டுப் பில்லும் என் தலையில்தான். வீடுகளில் சூடு வீணாகாமல் பார்ப்பதுதான் என் தொழில், ஆகவே நான் சொன்னால் கேளுங்கள். பத்தொன்பது ஒரு மனிதனுக்குத் தாராளம். ஒரு பாகை கூடினாலும் பில்லில் தெரியும். பொழுது படும்போதே ஜன்னலுக்கு வெளியே உள்ள பலகைத் தட்டிகளைச் சாத்திவிடுங்கள். கதவடியில் சாக்கைச் சுருட்டி வையுங்கள். தரையில் கால் படாமல் ஒரு பாய் போடுங்கள். மத்தியானம் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்தால் ஈரம் போகும், பூஞ்சணமும் குறையும். உடுப்பு அறைக்குள் காயப் போட வேண்டாம்.

இதெல்லாம் செய்தால் இருபத்துநாலு தேவைப்படாது.

அன்பு மகன்
றொஜர்

—

இயேசு மரி சூசை துணை

பலெர்மோ
5 டிசம்பர் 2022

மகன் றொஜருக்கு,

உன் வீட்டார் சுகம் என்று அறிந்தது சந்தோசம். காலுறை வந்தது. ஒரு சோடி என் காலில். மற்றது நிரோசினியின் காலில். அவள் கால் வீங்கியிருப்பதால் நீ அனுப்பிய அளவு அவளுக்குச் சரியாக இருக்கிறது.

உன் கடிதத்தைப் புனிதமலர் வாசித்து முடித்தாள். "இன்னொருக்கா வாசி பிள்ளை, நடுவிலை ஏதும் விட்டிட்டாய் போல" என்றேன். திரும்பவும் வாசித்தாள். "இல்லை அண்ணை. கதவு வந்திட்டுது, ஜன்னல் வந்திட்டுது, சாக்கும் வந்திட்டுது. தங்கச்சி மட்டும்தான் வரேல்லை" என்றாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் எழுத்தறியாதவன், ஆனால் மறதி இல்லாதவன். மொண்டெல்லோவில் நான் வேலை செய்த வீட்டுக்காரி சின்யோராவை உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது பால் குடித்துக்கொண்டிருந்தாய். கோடைக்குக் கட்டிய வீடு, மாரியில் கடல் காற்று சுவரை நக்கும். நான் முழங்காலில் இருந்து தரை துடைத்துக்கொண்டிருப்பேன். அவள் கடைக்குப் போகும்போது அறையைச் சூடாக்குகிற அடுப்பை அணைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் கேட்டேன், ஏன் சின்யோரா என்று. "நீ அசைந்து வேலை செய்கிறாய், உனக்குச் சூடுதானே" என்றாள். அவளுடைய கிளிக்கு மட்டும் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹீற்றர். அவள் போட்டிருந்த கோட்டின் நிறம்கூட எனக்கு இன்றைக்கும் தெரியும். கடுகு நிறம். அந்தக் கோட்டை இப்போது நீ போட்டிருக்கிறாய்.

நீ ஏன் இப்படி என்று தெரியாமல் நான் இல்லை. உன் சிநேகிதனை அவளுக்குக் கலியாணம் பேசினாய். அவள் வேண்டாம் என்று, கொமூனே கந்தோரில் போய்க் கையெழுத்து வைத்து ராஜெனைக் கட்டினாள். அவன் சைவக்காரன், பெயரில் தமிழ் இருக்கிறது, வாயில் இல்லை. உனக்குச் சிநேகிதன் முன்னால் தலைகுனிவு. சரி, கோபப்படு. கோபத்துக்குக் கரண்ட் தேவையில்லை, எவ்வளவும் எரி. சூட்டை எதற்குப் பிடித்து வைத்திருக்கிறாய்?

அடுத்த கடிதத்தில் அவளுடைய பெயரை எழுது. நிரோசினி. எழுதத் தெரிந்த நீ எழுது.

அப்பா

—

கொவென்றி
19 டிசம்பர் 2022

அன்புள்ள அப்பாவுக்கு,

நத்தார் வாழ்த்துகள். பிள்ளைகள் வரைந்த கார்ட் உள்ளே இருக்கிறது. இங்கே பனி கொட்டுகிறது. நாங்களும் பத்தொன்பதில்தான் இருக்கிறோம், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு. நீங்கள் கோபத்தில் சொன்னதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஆப்பில் பார்த்தேன். பின் அறை மெசின் நாள் முழுக்க ஓடுகிறது. ஆளில்லாத அறைக்குச் சூடு தேவையில்லை அப்பா. நான் போகிற எல்லா வீட்டிலும் சொல்வது இதுதான்: பாவிக்காத அறையைப் பூட்டுங்கள், இருக்கிற அறையை மட்டும் சூடாக்குங்கள். நீங்கள் முன் அறையில் இருங்கள். பின் அறைக்கு டைமர் போட்டிருக்கிறேன். பகல் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை நிற்கும். பலெர்மோவில் அந்நேரம் வெயில்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலன் பிறப்பு எல்லோருக்கும் சமாதானம் தரட்டும்.

றொஜர்

—

இயேசு மரி சூசை துணை

பலெர்மோ
3 ஜனவரி 2023

றொஜருக்கு,

புது வருடம். உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் சுகம் தரட்டும். பிள்ளைகள் வரைந்த கார்ட்டை மாதாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். பிள்ளைகளில் எனக்குக் கோபம் இல்லை.

ஆளில்லாத அறை என்று எழுதினாய். அந்த அறையில் இப்போது இரண்டு பேர். நத்தாருக்கு மூன்றாம் நாள், மாசில்லாக் குழந்தைகள் திருநாள் அன்று நிரோசினிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். சின்னப் பிள்ளை, உள்ளங்கைக்குள் அடங்கும். மூக்கு உன்னுடையது. அதற்கு நான் என்ன செய்ய?

பெற்றவளுக்கு முப்பத்தொன்றாம் நாள் கழியும் வரை காற்றுப் படக்கூடாது என்பது உனக்குத் தெரியும். உன்னைப் பெற்றபோது உன் அம்மாவுக்கும் அப்படித்தான் பார்த்தோம். புனிதமலர்தான் தாய்க்குத் தாயாக நிற்கிறாள். தலைக்குத் துணி கட்டி, காதில் பஞ்சு வைத்து, காயச்சரக்கு அரைத்துக் கொடுத்து, சுடுதண்ணீரில் வார்த்துவிடுகிறாள். வார்த்துவிட்டு வெளியே எடுத்தால் உன் டைமர் அணைந்து கிடக்கிறது. அந்த அறைக்கு வெயில் எந்தக் காலத்தில் வந்தது? வடக்குச் சுவருக்கு வெயில் வருவதாக உன் போன் சொல்கிறதா?

மேல்வீட்டு லொரென்சோ ஒரு கரண்ட் ஹீற்றர் இரவல் தந்தார். தண்ணீர் கொதிக்கிற பொயிலரும் அதுவும் சேர்ந்து ஓடினால் மீற்றர் விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் நின்றுவிடுகிறது. மீற்றர் கீழே வாசலடியில். ஒவ்வொரு முறையும் நான்தான் படியிறங்கிப் போய் ஏற்றுகிறேன். லொரென்சோ என்னைக் கண்டால் "திரும்பவுமா, நோன்னோ?" என்று, தாத்தா முறை வைத்துக் கேட்கிறார். ஓம், திரும்பவும்தான். என்னுடைய மகன் மிச்சம் பிடிக்கிறான் என்று சொன்னேன்.

நான் உன்னிடம் கெஞ்சவில்லை. சொல்கிறேன். பூட்டைத் திற.

அப்பா

—

கொவென்றி
13 ஜனவரி 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

அது மூன்று கிலோவாட் மீற்றர். பொயிலர் ஓடும்போது ஹீற்றர் போட்டால் விழத்தான் செய்யும். பொயிலரைக் காலையிலேயே போட்டு அணைத்துவிடுங்கள். நீங்கள் படியேறி இறங்கக் கூடாது, விழுந்தால் யார் பார்ப்பது?

பழைய வீடுகளில் சூடு போவது இடுக்குகளால்தான். ஜன்னல் இடுக்கில் ஒட்டுகிற பஞ்சுப் பட்டி ஒரு பொதி அனுப்புகிறேன். கை வைத்துப் பாருங்கள், எங்கே காற்று வருகிறதோ அங்கே அடையுங்கள். அப்படிச் செய்தால் பகலில் மெசின் நின்றாலும் சூடு வெளியே போகாது.

மார்ச்சில் வெக்கை வந்துவிடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

றொஜர்

—

பலெர்மோ
25 ஜனவரி 2023

றொஜர்,

சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இருக்கிறோம். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம்.

இதை எழுதுகிறவள் அழுதுகொண்டு எழுதுகிறாள். எழுத்து அழிந்திருந்தால் அதனால்தான். "என்னைப் பற்றியும் எழுதவோ அண்ணை?" என்று கேட்டாள். "ஓம், ஒண்டும் ஒளிக்காமல் எழுது" என்றேன்.

உன் பஞ்சுப் பட்டி வந்தது. புனிதமலர் நீ சொன்னபடி கை வைத்துப் பார்த்து, ஜன்னல் முழுக்க ஒட்டினாள். பின் அறைச் சுவரில் உயரத்தில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கிறது, கம்பி வலை போட்டது, குசினியாக இருந்த காலத்து ஓட்டை. அதால்தான் காற்றுச் சுளீரென்று வருகிறது. பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் காற்று. பழைய சேலை ஒன்றைச் சுருட்டி அதற்குள் அடித்து இறுக்கினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் மெசின் நின்றது. அவள் தன் வீட்டு காஸ் அடுப்பை, காஸ் போத்தலோடு உருட்டுகிற, அறையைச் சூடாக்குகிற அடுப்பை, தூக்கி வந்து கொளுத்தி வைத்துவிட்டுப் பூசைக்குப் போனாள். அறை நல்ல சூடு. நிரோசினி, "இண்டைக்குத்தான் அப்பா எனக்குக் குளிர் விட்டிருக்கு" என்றாள். நான் சந்தோசத்தோடு கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம் தாண்டியது. என் காதை நான் நம்புவதில்லை, அதனால் எழும்பிப் போய்ப் பார்த்தேன். நிரோசினி சத்தி எடுத்தபடி கட்டிலில் சரிந்து கிடந்தாள். கண் திறக்கிறாள், என்னை ஆர் என்று தெரியவில்லை. பிள்ளை துணி மாதிரி. ஜன்னலைத் திறக்கப் போனால் உன் பட்டி விடவில்லை. கதிரையைத் தூக்கி அடித்தேன். கண்ணாடி உடைந்த சத்தத்தில் லொரென்சோ ஓடிவந்து, பிள்ளையை என் கையால் பறித்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார். அம்புலன்சும் அவர்தான் கூப்பிட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் முகத்தில் ஒக்சிசன் வைத்தார்கள். புனிதமலர் பூசையால் நேரே அங்கே வந்து உனக்குப் போன் எடுத்தாள். நீ என்ன சொன்னாய்? "ஹீற்றர் கதையெண்டால் பின்னேரம் எடுங்கோ அன்ரி, ஞாயிறும் வேலையிலை நிக்கிறன்." அவள் வாய் திறக்க முதல் வைத்துவிட்டாய்.

டொக்டர் பொம்பிளை என்னைத் திட்டினாள். காஸ் எரிகிற அறையில், அதன் நச்சுக் காற்று வெளியே போகிற அந்த ஓட்டையை அடைப்பார்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். புனிதமலருக்கும் தெரியாது. பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்பதுதான் அவளுக்குத் தெரியும். தெரிந்த ஒரு ஆள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறான். ஊரார் வீட்டுக்கெல்லாம் போய், எதை அடை, எதை அடைக்காதே என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். எங்களுக்கு எங்கே காற்று வருகிறதோ அங்கே அடை என்று மட்டும் எழுதினாய். மற்றதை ஏன் எழுதவில்லை? அதை எழுதுவதென்றால் அந்த அறைக்குள் ஆள் இருக்கிறது என்று எழுத வேண்டும். உன் கை அதற்கு வரவில்லை.

பிள்ளை நேற்றுத்தான் பழையபடி கத்தி அழுதது. அந்தச் சத்தம் என் காதுக்கு நன்றாகக் கேட்டது.

அந்தோனிமுத்து

—

பலெர்மோ
10 பெப்ரவரி 2023

றொஜர்,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஆனால் உன் மெசின் கதைத்துவிட்டது. சனிக்கிழமை காலை தானாக எழும்பி இருபத்துநாலில் நின்றது. இரவிலும் நிற்கவில்லை. பூட்டுப் படமும் இல்லை. புனிதமலர் ஓடிவந்து, "அண்ணை, தம்பி திறந்துவிட்டிட்டார்!" என்று கும்பிட்டாள்.

நான் கதிரையில் ஏறி மெசினின் வயரைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டேன். இரண்டு அறையிலும்.

எத்தனை கடிதம் எழுதுவித்தேன். திறக்கவில்லை. பிள்ளை சாகப் பார்த்த பிறகு ஒரு விரலால் திறந்தாய். அந்த விரலால் ஒரு வரி எழுத ஏலாதா? நான் மெசினைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்டேன். அந்தச் சூடு எங்களுக்கு வேண்டாம். அதில் காய்வதை விட மொண்டெல்லோவில் சின்யோராவின் தரையில் முழங்காலில் இருப்பேன்.

நாங்கள் போகிறோம். ராஜெனோடு இருந்த பொடியன்கள் மூன்று பேரும் வேறு இடம் பார்த்துக்கொண்டு அறையைக் கொடுத்துவிட்டார்கள். நான் அவர்களுக்கு ஆர்? ஒரு உறவும் இல்லை. ராஜென் எனக்குச் சிசிலியப் பாஷையில், "நீங்களும் வாறியள், கதை முடிஞ்சுது" என்று சொன்னான். அந்த அறை தெற்குப் பார்த்தது. பகல் முழுக்க வெயில் கட்டிலில் கிடக்கும். அதை ஒருவரும் போனுக்குள் இருந்து அணைக்க ஏலாது.

வீட்டுத் திறப்பைப் பூட்டிப் புனிதமலரிடம் கொடுத்துவிட்டேன். உன் வீட்டில் இனி ஒரு விளக்கும் எரியாது, பொயிலர் கொதிக்காது, மீற்றர் விழாது. இரண்டு அறையும் இப்போது நீ சொன்ன மாதிரி ஆளில்லாத அறை. நன்றாக மிச்சம் பிடி.

அந்தோனிமுத்து

—

கொவென்றி
28 பெப்ரவரி 2023

நிரோசினிக்கு,

அண்ணா எழுதுகிறேன். நீயும் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

புனிதமலர் அன்ரியிடம் விலாசம் வாங்கினேன். முதலில் தர மாட்டேன் என்றார்.

நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது அந்த ஓட்டையைத்தான். யாராவது அடைத்து வைத்திருந்தால் நானே பிடுங்கி எடுத்துவிட்டு ஏசுவேன். நம் பின் அறையில் அது இருப்பது எனக்குத் தெரியும். வீடு வாங்கிய அன்று கையை விட்டுப் பார்த்தவன் நான். பட்டியைப் பொதி செய்யும்போது நினைவு வந்தது. எழுத உட்கார்ந்தேன். "பின் அறையில் இருப்பவர்கள்" என்று தொடங்கினேன். அதற்கு மேல் உன் பெயரை எழுதாமல் எழுத முடியவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வேறு தாளில் எழுதி அனுப்பினேன்.

அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டுவதா இல்லையா என்பதை நீ முடிவு செய்.

பிள்ளைக்கு என்ன பெயர்?

றொஜர்

—

இயேசு மரி சூசை துணை

பலெர்மோ
19 மார்ச் 2023

மகன் றொஜருக்கு அப்பா எழுதுவிப்பது. திருநாளுக்கு வந்த புனிதமலர்தான் எழுதுகிறாள்.

நீயும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள். எனக்குக் கால் விறைப்புக் குறைந்திருக்கிறது. இன்றைக்குச் சூசையப்பர் திருநாள். நேற்றுப் பின்னேரம், திருநாளுக்கு முதல் நாள் வழக்கப்படி, இந்தத் தெருப் பொடியன்கள் பழைய கதிரை, மேசை, கதவு எல்லாம் குவித்துக் கொளுத்தினார்கள். பொலிஸ் வந்து ஏசியது. புகை எல்லாம் எங்கள் அறைக்குள். நான் ஜன்னலையும் கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டேன். புகை என்றால் இப்போது எனக்கு உயிர் போய் வருகிறது. அது உன் வேலை.

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிறது. நிரோசினி தானே உடைத்து, ஜன்னலடியில் நின்று வாசித்தாள். புனிதமலர் இல்லாத நேரம், எனக்கு வாசிக்க வேறு ஆள் இல்லை. "என்னவாம் அவன்?" என்று கேட்டேன்.

"அது எனக்கு வந்த கடிதம், அப்பா" என்றாள்.

"உன்ர பேர் எழுதியிருக்கோ?"

"ஓம். எழுதியிருக்கு."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. அவள் அன்றைக்குச் சமைக்கவில்லை. ராஜென்தான் வந்து பாஸ்தா போட்டான். அவள் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. அழுதாளா, ஆத்திரமா என்று முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை. இன்றைக்கு, "அண்ணைக்குப் பதில் எழுதப் போறியோ, அல்லது நான் எழுதுவிக்கவோ?" என்று கேட்டேன். "நீங்கள் உங்கட கோபத்தை எழுதுங்கோ. பிள்ளைக்கு றெபேக்கா எண்டு பேர் வைச்சிருக்கெண்டு மட்டும் கடைசியிலை போடுங்கோ" என்றாள். போட்டுவிட்டேன்.

என் கோபத்தை எழுதுகிறேன். அது ஆறவில்லை. ஒரு பெயரைத் தாளில் எழுதியதால் கணக்கு முடிந்தது என்று நினைக்காதே. மெசினை அனுப்பாதே, பட்டி அனுப்பாதே, காலுறையும் வேண்டாம். உனக்கு எங்களோடு ஏதும் இருந்தால், பிளேன் ஏறி வா. ஸ்தாசியோனேயில் இறங்கிப் பின் தெருவால் வந்தால் ஒரு மீன் கடை, அதற்கு மேலே நாலாம் மாடி. மணி வேலை செய்யாது, கையால் தட்ட வேண்டும். பலத்துத் தட்டு, எனக்குக் கேட்காது.

கேட்டாலும் நான் எழும்பித் திறக்க மாட்டேன். திறப்பதும் விடுவதும் நிரோசினியின் விருப்பம். நீ வாசலிலேயே நில்.

அப்பா